பறக்கிற காரின் பிழைகள்

"அறையில மூண்டு பிழை இருக்கு. கேட்டிட்டு உள்ளுக்கு வாரும்."

அவர் என்னோடு பேசிய முதற்பேச்சு இது. எண்பத்தைந்தாம் ஆண்டு, லண்டன் இல்ஃபோர்டில் அவருடைய வீட்டு மேல்மாடியில் ஓர் அறை வாடகைக்கு இருக்கிறதென்று யாரோ சொல்லி, நான் ஒரு பையோடு வாசலில் நின்றேன். "பின்சுவர் கசியும். ஹீட்டர் இரைஞ்சு இரைஞ்சுதான் சூடாகும். நான் காலமை அஞ்சு மணிக்குக் குளிக்கேக்க பாடுவன், குரல் வடிவில்லை. இனி உம்மட விருப்பம்."

அறை தருகிறவர்கள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்றைச் சொல்லி முப்பதை மறைக்கிறாரோ என்று ஒரு மாதம் அறையைத் தடவித் தடவிப் பார்த்தேன். சுவர் கசிந்தது. ஹீட்டர் இரைந்தது. அவர் பாடினார். வேறொன்றும் இல்லை.

நான் அப்படியான ஆள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், முப்பது வயதில் லண்டனுக்கு வந்தவன், பெற்றோல் செட்டில் பகல் ஷிப்ட். மனைவி கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தாள். வேலைக்குப் போகிற வழியில் பாதி தூரம் போய், அடுப்பை அணைத்தேனா என்று திரும்பி வருவேன். அணைத்திருப்பேன். மறுபடி பாதி வழியில், திரும்பி வந்தபோது கதவைப் பூட்டினேனா என்று யோசனை வரும். அவருக்கும் எனக்கும் ஒத்துவந்ததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். அவர் எதைப் பார்த்தாலும் அதன் பிழையைச் சொல்லிவிடுவார். சொன்ன பிழைக்கு எனக்குப் பயம் குறைவு.

அவர் மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓட்டினார். ஏறுகிறவர்களுக்கும் முதலில் பிழைதான். இடப்பக்கக் கண்ணாடி இறங்காது, பிரேக் நல்லது ஆனால் கீச்சிடும், பின்சீற்றில் ஒரு ஸ்பிரிங் குத்தும், நடுவில் இருங்கோ. "இந்தக் காரில் சரியாக ஏதாவது இருக்கிறதா?" என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவி கேட்டாளாம். "நீங்கள் போய்ச் சேருவீர்கள்" என்றாராம் இவர். அதற்குப் பிறகு அந்தக் கிழவி இவரைத் தவிர வேறு டிரைவரோடு போகமாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். பெண் பார்க்க வந்த கதையை அக்கா சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். "எங்கட அப்பாவுக்கு முன்னால இருந்துகொண்டு, நான் குறட்டை விடுவன், கோவம் வந்தா ரெண்டு நாள் கதைக்கமாட்டன், லண்டனில படிச்சு முடிக்கேல்லை எண்டு ஒண்டொண்டாச் சொல்லுறார் தம்பி. அம்மா குசினிக்க நிண்டு அழுகிறா. அப்பா சொன்னார், இவன் களவா ஒண்டும் செய்யமாட்டான், குடுப்பம் எண்டு."

"செய்தவரோ அக்கா?"

"எங்க செய்யுறது? செய்யமுதலே சொல்லிப்போடுவாரே!"

அவரிடம் சின்ன விமானம் ஓட்டுகிற லைசன்ஸ் இருந்தது. மினிகாப் ஓட்டுகிற ஒரு யாழ்ப்பாணத்து மனிதருக்கு அது எதற்கு என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. படிப்பை முடிக்காதவர் அந்த லைசன்ஸை மட்டும் எப்படியோ முடித்திருந்தார். முன்னறைச் சுவரில், சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில், அமெரிக்கப் பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டிய இரண்டு படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். ஒன்றில் ஒரு கார் செட்டை விரித்து மேகத்துக்குள் நிற்கும். மற்றதில் அதே கார் செட்டையை மடக்கிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நிற்கும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் பகிடி பண்ணாமல் போகமாட்டார்கள். "அண்ணை, இது வந்தா எங்க பார்க் பண்ணப்போறியள்?"

அவர் கோபிக்கமாட்டார். கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். "பார்க்கிங் சின்னப் பிழை. பெரிசு சொல்லுறன், கேளும். இடிச்சாத் தாங்கக் காருக்குப் பாரம் வேணும். பிளேனுக்குப் பாரம் கூடாது. ரெண்டையும் ஒண்டாச் செய்தா கூடாத காரும் கூடாத பிளேனும்தான் கிடைக்கும். சுப்பர்மார்க்கெட்டில ஒருத்தி தள்ளுவண்டிலால செட்டையில தட்டிப்போட்டாள் எண்டு வையும். எஞ்சினியர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்குமட்டும் பறக்க ஏலாது. மோட்டர்வேயில பக்கக் காத்து அடிச்சா லொறிக்குக் கீழ போயிடும். ரோட்டில இருந்து கிளம்பவும் விடாங்கள், எப்பிடியும் ஓடுபாதைக்குத்தான் போகோணும். இன்சூரன்ஸ்காரன் சிரிப்பான்."

பகிடி பண்ண வந்தவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அப்ப ஏன் அண்ணை படம் மாட்டி வைச்சிருக்கிறியள்?" என்பார்.

"விருப்பம்."

இதுதான் என்னைக் குழப்பியது. விருப்பமுள்ளவன் பிழையை மறைப்பான். பிழை தெரிந்தவன் விருப்பத்தை விடுவான். எனக்குத் தெரிந்த ஆட்கள் இந்த இரண்டு வகைதான். இவர் இரண்டையும் ஒரே வாயால் சொன்னார்.

ஒருமுறை மட்டும் கொஞ்சம் விளங்கிற மாதிரி இருந்தது. ஒரு சனிக்கிழமை, தான் பறக்கிற கிளப்பின் விமானத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று போனவர், ஞாயிறு பின்னேரம் பஸ்ஸும் ரெயினும் ட்யூப்பும் மாறி மாறி, சவரம் செய்யாத முகத்தோடு வந்தார். திரும்பி வரப் பார்த்தபோது முகில் இறங்கிவிட்டதாம். அங்கேயே ஒரு திடலில் இறக்கி, விமானத்தைக் கட்டிவைத்துவிட்டு வந்திருந்தார். அடுத்த கிழமை எடுக்கப் போனார். மறுபடி முகில், மறுபடி ரெயினில் வந்தார். மூன்று கிழமை அந்த விமானம் அங்கேயும் இவர் இங்கேயும்.

"வந்திருக்கலாம். கன பேர் வருவினம்," என்றார். "வீட்டை போகோணும் எண்ட அந்தர அவசரத்திலதான் தம்பி எங்களைப்போல ஆக்கள் சாகிறது. முகிலுக்குள்ள பூருவினம். மலை நிக்கிறது தெரியாது. பறக்கிற கார் எண்டா நான் என்ன செய்வன்? இறக்குவன். செட்டையை மடக்குவன். மழைக்குள்ள ரோட்டால வீட்டை வருவன். இவ்வளவு பிழைக்கும் எதிரா அந்த ஒரு நன்மைதான் கிடக்கு."

பறக்கிற காரை அவர் பயத்தினால்தான் விரும்பினார் என்று எனக்குப் பட்டது. அது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பிறகு, பயமிருந்தால் பறக்காமல் விடலாமே என்றும் பட்டது. கேட்கவில்லை.

பறக்கிற கார் வாங்குகிற விஷயமல்ல. எங்கே விற்றார்கள்? ஆனால் அவர் ஒன்று செய்தார். யாரோ பாதி கட்டிவிட்டுக் கைவிட்ட இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கொண்டுவந்து கராஜில் வைத்து, மூன்று மாரிகாலம் இருந்து கட்டி முடித்தார். உட்கார்ந்த இலையானின் செட்டை மாதிரி அதன் செட்டை பின்பக்கம் மடியும். மடித்து டிரெய்லரில் ஏற்றித் தன் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகலாம். "இதுதான் பறக்கிற கார். காரும் இருக்கு, பறக்கிறதும் இருக்கு. இடையில ஒரு கொழுக்கி, அது ஒரு பிழை. மடிக்க ரெண்டு பேர் வேணும், அது மற்றது." அந்த இரண்டாவது ஆள் நான்தான்.

எஞ்சினியர் வந்து பார்த்தார். பறக்கலாம் என்று கடதாசி வந்தது. அவர் தனியே பலமுறை பறந்துவிட்டு வந்தார். அக்கா ஒவ்வொருமுறையும் சாப்பிடாமல் இருந்தார். ஒருநாள் சுவாமிப் படத்துக்கு முன்னால் அவரை நிறுத்திச் சத்தியம் கேட்டார். நானும் நின்றேன்.

"நான் முன்னுக்குச் சொல்லாத ஒரு பிழை அதில வந்தா, அண்டைக்கே விடுறன்," என்றார் அவர். கற்பூரத்தைத் தொட்டார். "சத்தியம்."

எண்பத்தொன்பது வசந்தத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டு பறக்கப்போவதாகச் சொன்னார். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. அன்று காலையில் காரையும் பின்னால் கொழுவின விமானத்தையும் கோயிலுக்குக் கொண்டுபோனோம், அக்கா விடவில்லை. புதுக் காருக்குப் பூசை செய்கிற மாதிரித்தான். ஆனால் ஐயருக்கு இது எந்த வகை என்று பிடிபடவில்லை.

"அர்ச்சனை முன்னால நிக்கிறதுக்கோ, பின்னால நிக்கிறதுக்கோ?"

"ரெண்டும் ஒண்டு ஐயா."

"தேசிக்காய் எத்தனை சில்லுக்கு வைக்கிறது? மேல கிடக்கிற சில்லுக்கும் வேணுமோ?"

டிரெய்லரின் மேல் விமானத்தின் சின்னச் சில்லுகள் அந்தரத்தில் நின்றன. அதற்குக் கீழே தேசிக்காயை வைத்து எப்படி நசுக்குவது? ஐயர் குனிந்து டிரெய்லருக்குக் கீழே பார்த்தார். "நிலத்தில முட்டுற சில்லுக்குக் காணும்," என்று முடித்தார். பறக்கப்போவது முட்டாத சில்லுதானே என்று எனக்குப் பட்டது. அக்கா சந்தனக் கிண்ணத்தோடு சுற்றிச்சுற்றி வந்து, மூக்கில், விசிறியில், கை எட்டின இடமெல்லாம் பொட்டு வைத்தார்.

எசெக்ஸ் பக்கத்தில் புல் ஓடுபாதை உள்ள ஒரு சின்னத் திடல். செட்டையை விரித்துப் பூட்டினோம். பிறகு அவர் ஒரு ஈரத்துணியை எடுத்துச் சந்தனப் பொட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினார்.

"ஐயோ அண்ணை, இப்பத்தானே வைச்சது!"

"சாமி கோவிக்காது. காத்து கோவிக்கும்."

துடைத்துக்கொண்டே சுற்றிவந்து, ஆணி ஆணியாகத் தொட்டுப் பார்த்து, வழக்கம்போல வாய்விட்டுச் சொன்னார்: இந்தக் கதவு இறுக்கம், இந்த ரயர் ஒரு பக்கம் தேய்வு. அவர் மற்றச் செட்டைப் பக்கம் போனபோது எனக்கு வயிறு தாங்கவில்லை. கழிப்பறைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் திடலின் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கக் கொட்டிலுக்குப் போனார்.

நான் அந்தச் சாமானோடு தனியே நின்றேன். ஒரு பொட்டுச் சந்தனம்கூட அதில் இல்லை. வெறும் தகரமும் துணியும். நான் ஏறப்போகிறேன். என் மனைவி கொழும்பில் இருக்கிறாள். என் சட்டைப் பையில் கோயிலில் தந்த சந்தனம் வாழையிலைத் துண்டில் சுற்றிக் கிடந்தது. அவர் கண்ணில் படாத ஓர் இடம் தேடினேன். செட்டைக்குக் கீழே ஒரு சின்னக் குழாய், விரல் தடிப்பு, முன்னுக்குப் பார்த்தபடி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் பெருவிரலால் ஒரு பொட்டு வைத்து அழுத்தினேன். மனம் ஆறிவிட்டது. உண்மையாகவே ஆறிவிட்டது.

ஏறினோம். விமானம் புல்லில் குதித்துக் குதித்து ஓடியது. அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "எஞ்சின் சரி. எண்ணெய் சரி. வேகம்..." நிறுத்தினார். "வேகம் காட்டேல்லை."

அவர் கை எதையோ பின்னுக்கு இழுத்தது. எஞ்சின் அடங்கியது. வேலிக்குச் சற்று முன்னால் நின்றோம். அவர் இறங்கி நேரே அந்தக் குழாயடிக்குப் போனார். விரலால் தொட்டார். மூக்கடியில் பிடித்தார்.

"சந்தனம்."

பிறகு எனக்குச் சொன்னார், பாடம் சொல்வதுபோல் அல்ல, தனக்குத்தானே சொல்வதுபோல். காற்று இந்த ஓட்டைக்குள் போய்த்தான் வேகம் காட்டும். வேகம் தெரியாமல் மேலே போனால் இறக்குவது பெரும்பாடு. கவனிக்காமல் கிளம்பியிருந்தால் இரண்டு பேரும் முடிந்திருப்போம்.

"துடைச்சனான் எண்டுதான் நினைச்சன்," என்றார். "இதுக்குள்ள குனிஞ்சு பார்த்தனான் எண்டும் நினைச்சன். ஓட்டை கண்ணுக்கு முன்னால கிடந்தது. பார்த்தும் தெரியேல்லை."

நான் வாய் திறந்திருக்க வேண்டும். முதலில் பேச்சு விழுமே என்ற பயத்தில் திறக்கவில்லை. பிறகு இருவரும் செட்டையை மடித்தபோது அவர், "இண்டையோட விடுறன். மெஷின் பிழையில்லை, கண் பிழை. அதை நான் முன்னுக்குச் சொல்லேல்லை," என்றார். அப்போது எனக்குள் எழுந்தது சந்தோஷம். வேறு என்ன சொல்ல? இனி இவர் விழமாட்டார், அக்கா சாப்பிடுவார், நான் ஏறத் தேவையில்லை. ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தாலே போதும். வீடுவரைக்கும் அப்படியே இருந்தேன்.

அக்காவிடம் அவரே சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. அன்று அக்கா, "அம்மாள் காப்பாத்திப்போட்டா" என்று கும்பிட்டார். இரண்டு நாள் கழித்து, குசினியில் என்னிடம் கையை விரித்துக் காட்டினார். "இந்தக் கையால பூசினதுதானே தம்பி. நான்தானே ரெண்டு பேரையும் கொல்லப் பார்த்தனான்." அதற்குப் பிறகு அக்கா கோயிலில் திருநீறு எடுப்பார், சந்தனம் எடுக்கமாட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவர் கண் டொக்டரிடம் போனார். கண் நல்லாயிருக்கிறது என்றார்கள். நம்பாமல் வேறொருவரிடம் போனார். அவரும் அதையே சொன்னார். "அவங்களுக்கு எழுத்துத்தான் தெரியும். நான் பார்க்கிறனோ எண்டு தெரியாது," என்றார். விமானத்தை யாரோ வந்து இழுத்துப்போனார்கள். மினிகாப்பில் ஏறுகிறவர்களுக்கு இப்போது கண்ணாடி, பிரேக், ஸ்பிரிங் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. "ஓட்டுகிற எனக்குப் பார்த்தாலும் தெரியாது. நீங்களும் ரோட்டைப் பாருங்கள்" என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் இறங்கிப் போனார்கள். கொன்ட்ரோலில் இருந்து ஓட்டம் பிரித்துக் கொடுக்கிறவன் தூர ஓட்டங்களை வேறு ஆட்களுக்குக் கொடுக்கத் தொடங்கினான்.

எனக்கு எல்லாம் தெரியும். அடுப்பை அணைத்தேனா என்று திரும்பி வருகிற எனக்கு இதற்குத் திரும்பி வரத் தெரியவில்லை. சொன்னால் மறுபடி பறப்பார். பறந்து விழுந்தால் சொன்னது என் பிழை. சொல்லாவிட்டால் இப்படியே தேய்வார். அதுவும் என் பிழை. நான்கு வருடம் இதற்குள்ளேயே சுற்றினேன். இதற்கிடையில் மனைவி வந்து சேர்ந்தாள், நாங்கள் இரண்டு தெரு தள்ளி ஒரு ஃபிளாட்டுக்குப் போனோம்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு மழைநாள் எனக்குக் குரோய்டனில் விசா அலுவலகம் இருக்கிற அந்தப் பெரிய கட்டடத்தில் அலுவல். அவர்தான் காரில் கூட்டிப்போனார். நான் முன்சீற்றில். முதல் ரவுண்டபோட்டில், அந்த வட்டச் சந்தியில் நின்று, "தம்பி, பாரும், வருதோ?" என்றார். வலப்பக்கத்தால்தான் வரும், அது அவர் இருக்கிற பக்கம். நான் அவருக்குக் குறுக்கே எட்டிப் பார்த்து, "வரேல்லை அண்ணை" என்றேன். அதற்குப் பிறகுதான் எடுத்தார். அடுத்த சந்தியிலும் அப்படி. அதற்கடுத்ததிலும். கழுத்து நொந்தது. அவர் தானும் பார்த்தார், பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு, தான் பார்த்ததைக் கணக்கில் எடுக்காமல், என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆற்றைக் கடந்து ஒரு ரவுண்டபோட். "வருதோ?"

"அண்ணை, அந்தச் சந்தனம் நான் பூசினது."

அவர் காரை எடுக்கவில்லை. பாதை வெறுமையாக இருந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். நான் கோயில், வாழையிலை, பெருவிரல் எல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். எவ்வளவு உளறினேனோ தெரியாது. அவர் ஒன்றைத்தான் கேட்டார்.

"நான் பார்த்ததுக்கு முன்னமோ, பிறகோ?"

"பிறகு. நீங்கள் கையெழுத்து வைக்கப் போன நேரம்."

"நிச்சயமாப் பிறகுதானே?"

"ஓம் அண்ணை. பிறகு."

பின்னால் நின்றவன் கண்ணாடியை இறக்கிக் கத்தினான். அவர் வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். காரை எடுத்தார்.

குரோய்டனில் இறக்கிவிட்டு, "அலுவலை முடிச்சிட்டு வாரும், நிக்கிறன்" என்றார். இரண்டு மணித்தியாலம் உள்ளே வரிசையில் நின்றேன். என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. வெளியே வந்தபோது போயிருப்பார் என்று நினைத்தேன். நின்றார். கோபமா என்று முகத்தைப் பார்த்தேன், பிடிபடவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் பேசவில்லை. கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டார் என்பது தெரியும். ஆனால் இல்ஃபோர்ட் வந்ததும் என் ஃபிளாட்டுக்குத் திரும்பாமல் தன் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் பேசினார்.

"அக்காவுக்கு நான் சொல்லமாட்டன். நீர் செய்த பிழையை நான் சொல்லக்கூடாது."

"அண்ணை, நீங்கள் சொன்னா..."

"இறங்கும்."

இறங்கினேன். அவர் இறங்கவில்லை. மணியை அடித்தேன். பின்னால் வைப்பர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா கதவைத் திறந்தார்.

"என்ன தம்பி, நனைஞ்சுபோய் நிக்கிறீர்? அவர் எங்க? போன அலுவல் சரிவந்ததோ?"

"சரி அக்கா," என்றேன். பிறகு, உள்ளே காலை வைக்காமல், "உங்கட கையில ஒண்டும் இல்லை அக்கா. அந்தக் குழாயில பூசினது நான்" என்றேன்.